ஹில்டாவின் கோபம்

கேட்டில் தொங்கிய பையில் பால் பாக்கெட்டுகள் எடுக்கப்படாமல் சேர்ந்திருந்தன. ஒன்று உப்பிப் போயிருந்தது. மனைவி ஹில்டாவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று தாவீது நினைத்துக்கொண்டான்.

நியாயமான கோபம்தான். நெஞ்சு வலிக்கிறது, ஆட்டோ கூப்பிடு என்று அன்றைக்கு அவள் படுக்கையறையிலிருந்து கத்தியபோது, "இத முடிச்சிட்டு வரேன்மா" என்று ஹாலிலிருந்தே குரல் கொடுத்தான். முடித்தான். கை நடுங்காமல் போக வேண்டுமே என்று இன்னொன்றும் முடித்தான். உள்ளே எட்டிப் பார்த்தபோது அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். வலி போய்த் தூங்குகிறாள், எழுப்புவானேன் என்று கதவைச் சாத்தினான்.

குடிகாரன் என்றால் ரோட்டில் கிடப்பவன். தாவீது ஒருநாளும் விழுந்ததில்லை. நினைத்தால் விட்டுவிடுவான். நினைப்பதற்கு ஏற்ற நாள்தான் இன்னும் அமையவில்லை.

மத்தியானமே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. செம்பாக்கம் ஏரிப் பக்கமிருந்து ஈரக்காற்று வீசியும், தித்திப்பும் அழுகலும் கலந்த ஒரு வாடை வீட்டைவிட்டுப் போகாமல் சோபாவிலும் திரைச்சீலையிலும் அவன் கிளாஸின் விளிம்பிலும் ஒட்டிக்கொண்டிருக்க, சாத்திய கதவுக்குப் பின்னால் மின்விசிறி மட்டும் டக், டக் என்று சுற்றிக்கொண்டிருந்தது.

மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் சாம்பசிவன் ஜன்னலோரம் வந்து நின்றார்.

"இன்னா சார், ஒரே நாத்தமா கீது? எலி எதுனா செத்துப் போச்சா?"

"ஏரித் தண்ணி சார்."

"மேடத்தக் காணோமே?"

"தூங்குறா."

அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒருகணம் அவனையே பார்த்தார். பிறகு வேகமாக மாடியேறினார்.

ஹில்டாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டியதுதான். அதற்குத் தைரியம் வேண்டும். ஊற்றிக் குடித்தான். பாட்டிலோடு கதவுமுன் போய் நின்றான்.

கரண்ட் போனது.

மின்விசிறி நின்றது. உள்ளே வேறொரு சத்தம். ரீங்காரம்.

திறந்தான்.

ஈக்கள். கட்டில்.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள், உடம்பு உப்பிப் புரண்டு, இப்போது கதவைப் பார்த்திருந்தாள். வாய் திறந்திருந்தது. எறும்புகள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தன.

கோபம் போய்விட்டது. திரும்பிவிட்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்தான். மெத்தை அமுங்கியது. அவள் தலை உருண்டு அவன் தொடையில் சாய்ந்தது.

"நாளைலேர்ந்து தொடமாட்டேன், ஹில்டா."

தலையைக் கோதினான். முடி கையோடு வந்தது. அதை வேட்டியில் துடைத்துவிட்டு, பாட்டிலைத் திறந்தான்.