ப்ரூடன்ஸ் வீட்டு நோயாளி

அந்த வீட்டுக் கட்டிலில் அதுவரை யாரும் படுத்து வெர்னா பார்த்ததில்லை.

வாரம் தவறாமல் வருகிறவள் அவள். மாசச்சூசெட்ஸ் கடலோரத்தில், நானூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்திலிருந்து முதன்முதலாகக் கப்பலேறி வந்தவர்கள் கட்டியது போலவே கோரைக் கூரையும் மரப்பலகையுமாக எழுப்பியிருந்த அந்த அருங்காட்சியக கிராமம் அவளுக்கு அத்துப்படி. எந்த வீட்டு அடுப்பு புகையும், எந்த வீட்டுக் கோழி கொத்தும் என்றுகூடச் சொல்வாள். அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. உள்ளே வந்துவிட்டால் அவர்கள் அந்தக் காலத்து ஆட்கள். காரைப் பற்றியோ போனைப் பற்றியோ கேட்டால், "அப்படின்னா என்னங்க?" என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு சாதிப்பார்கள். நீங்கள் தலைகீழாக நின்றாலும் வேஷம் கலையாது. கலைத்தே தீருவேன் என்று மல்லுக்கு நிற்கிற ஆசாமிகளும் வருவார்கள். வெர்னா அந்த ரகமில்லை. புருஷன் போன பிறகு அவளை உட்காரவைத்து நலம் விசாரிக்கிற ஒரே வீடு இதுதான். அந்த வீட்டுக்காரியாக வேஷம் கட்டும் ப்ரூடன்ஸ் சம்பளத்துக்குத்தான் விசாரிக்கிறாள் என்று தெரியாமலா வந்தாள்? வேறு எங்கே போவாள், பாவம்.

நவம்பர் மாதப் பிற்பகல். தூறல். தெருவில் ஈ, காக்கை இல்லை.

"வாங்கம்மா! இந்தக் குளிர்ல இப்படி நனைஞ்சுக்கிட்டா வர்றது?" ப்ரூடன்ஸ் அவளுடைய ஈரக் கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு, கணுக்கால்வரை மூடும் கம்பளி அங்கி ஒன்றைப் போர்த்திவிட்டாள். தலையில் வெள்ளைத் துணித் தொப்பியை வைத்துத் தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டாள். விரல்கள் கதகதவென்று இருந்தன. யாரோ ஒருவர் தன்னைத் தொட்டு எத்தனை நாளாயிற்று!

"படுத்திருக்கறது யாரு?"

"காய்ச்சல்காரன்மா. என்னென்னவோ உளர்றான். கொஞ்சம் பக்கத்துல உக்காந்திருங்களேன், தண்ணி எடுத்துட்டு வந்துடறேன். வீட்ல யாராவது காத்திருப்பாங்களா?"

"எனக்கா? நல்லா கேட்ட போ!"

ப்ரூடன்ஸ் கோட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போனாள். வெர்னா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். விறகு சடசடத்தது, கூரையில் எலியோ காற்றோ சரசரவென்று ஓடி நின்றது, புகையும் வெங்காயமும் ஈர வைக்கோலும் கலந்த வழக்கமான வாடைக்கு அடியில் இன்னொரு வாடை, புருஷனின் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரி அறையில் மூக்கில் ஏறி இன்றுவரை இறங்காத அதே வாடை, மெல்ல எழுந்து வந்தது. இதைக்கூடவா பூசிக்கொள்வார்கள்? நடிகன் கெட்டிக்காரன்தான்.

"அம்மா." உதடு வெடித்திருந்தது. "என் பேரு டெல்பர்ட். வாசல்ல என் கார் நிக்குது. போலீசைக் கூப்பிடுங்க."

வெர்னா சிரித்துவிட்டாள். "மாட்டிக்கிட்டீங்களா! காருன்னு வாயை விட்டுட்டீங்களே. உங்க மேனேஜர் காதுல விழுந்தா சீட்டு கிழிஞ்சுடும்."

"நான் இங்க வேலை செய்யலம்மா. டிக்கெட் வாங்கிட்டு வந்தவன். அந்தப் பொண்ணுகிட்ட பேசிக்கிட்டிருக்கத்தான் வருவேன். எனக்கும் வீட்ல யாரும் இல்ல."

வெர்னாவுக்குச் சுருக்கென்றது. வெட்கக்கேடு, அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, பொறாமை. இவனையும் இப்படித்தான் போர்த்தி உட்காரவைத்தாளா? அதன் பிறகே அவன் நெற்றியில் கை வைத்தாள். அனலாகச் சுட்டது. இது பூச்சு இல்லை.

ப்ரூடன்ஸ் வாளியோடு உள்ளே வந்தாள்.

"விளையாட்டு போதும்மா. இவருக்கு நிஜமாவே உடம்புக்கு முடியல. ஆம்புலன்ஸைக் கூப்பிடு."

"அப்படின்னா என்னம்மா?"

"என் கோட்டைக் கொடு. போன் அதுலதான் இருக்கு."

"போனா? அப்படின்னா என்னம்மா?"

அந்த வேஷம் கலைந்தால் போதும் என்று வெர்னா முதன்முறையாக ஏங்கினாள். ஒரு கண்சிமிட்டல். ஓர் அசட்டுச் சிரிப்பு. முகத்தைத் துருவித் துருவிப் பார்த்தாள். அதற்குப் பின்னால் வேறு யாரும் இல்லை.

கட்டிலில் மூச்சு இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது. அப்புறம் இழுக்கவில்லை.

ப்ரூடன்ஸ் போர்வையை அவன் முகத்துக்கு மேலே ஏற்றினாள். கால்மாட்டில் போர்வை விலகியது. ரப்பர் அடி வைத்த ஓட்டக்கார ஷூ. கயிறுகூட அவிழ்க்கவில்லை.

வெர்னா எழுந்தாள். முக்காலி உருண்டது. கதவு. தாழ்ப்பாள். வெளிச்சம்.

வாசலில் குடையோடு ஒரு குடும்பம் நின்றது. அப்பா, அம்மா, பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி.

"காப்பாத்துங்க! உள்ளே ஒருத்தர் செத்துட்டாரு. போலீசைக் கூப்பிடுங்க!"

அப்பா உற்சாகமாகப் போனை உயர்த்திப் படம் பிடித்தார். "அடேயப்பா! கண்ணுல தண்ணியே வருது பாரு!"

"அப்பா, அந்தக் காலத்துல போலீஸ் ஏது?" பெண் கெக்கெக்கே என்று சிரித்தாள். "தப்பா சொல்லிட்டாங்க!"

"சும்மா இருடி. பாவம், வேலைக்குப் புதுசு போல," என்றாள் அம்மா.

"நான் நடிக்கல! சத்தியமா நடிக்கல! என் பேரு வெர்னா, என் வீடு..." தொப்பியின் முடிச்சைப் பிய்த்தாள். அவிழவில்லை. இன்னும் இறுகியது.

மூவரும் கைதட்டினார்கள். மனசாரத் தட்டினார்கள். "ரொம்ப நன்றிம்மா, பிரமாதம்!" என்றார் அப்பா. பிறகு கொல்லன் பட்டறை பார்க்க நடந்தார்கள். பின்னாலேயே ஓடக் கால் எடுத்தாள். கால் வரவில்லை. உள்ளங்கை கொதித்தது.

பின்னாலிருந்து கதகதப்பான கையொன்று அவள் நெற்றியில் படிந்தது.

"அடடா, இப்படிச் சுடுதேம்மா."

திரும்பினாள். கட்டிலில் அவனைக் காணவில்லை. கொல்லைப்புறத்தில் கதவே கிடையாது. புது விரிப்பு. சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகிய வெள்ளை விரிப்பு. அதன் நடுவே, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வைக்கோல் மெத்தை மெல்ல மெல்லக் கீழே அமுங்கியது. தலை. தோள். இடுப்பு. கால்.

சரியாக அவள் உயரத்துக்கு.