ஜன்னல் சீட்டும் நீல மையும்

“எழுந்திரிங்க.”

ஜன்னலோர சீட்டில் இருந்தவன் நிமிரவே இல்லை.

“ஏங்க… உங்களத்தான். இது லேடீஸ் சீட்டு. எழுந்திரிங்க.”

சொல்லிவிட்டாள்! மோனிகாவுக்கே காது மடல் சுட்டது. கேட்கவே கூடாது என்று அம்மா மங்கலம் சொல்லிச் சொல்லி வளர்த்தது இதைத்தான். ‘மகளிர்னு பெயிண்டு அடிச்சிருந்தாலும் ஆம்பளைய எழுப்பாதடி. கம்பியப் புடிச்சிக்கினு நின்னுக்கினே போயிடு.’ தாழங்குடாவிலிருந்து மீன் கூடையோடு கடலூர் டவுனுக்கு வரும் அம்மா, காலமெல்லாம் நின்றேதான் பயணம் செய்தவள். மகள் படித்தாள், வேலைக்குப் போனாள். ஆனால் பஸ்ஸில் மட்டும் அம்மாவைப் போலவே நின்றாள். இன்றைக்கு முடியவில்லை. மனசுக்குள் ஒரு கதை முட்டிக்கொண்டு நிற்கிறது…

அவன் நிமிர்ந்தான்.

அடடா, என்ன கண் அது! மழை விட்ட பிறகு ஈர மரத்தடியில் கிடக்கும் நாவல்பழம் மாதிரி… கறுப்பாய், பளபளவென்று, கொஞ்சம் திருதிருவென்று. மடியில் கிளிப் போட்ட அட்டை, அதில் வெள்ளைத் தாள், கையில் மூடி கழற்றிய மை பேனா.

“ஒரே ஒரு வரிங்க… முடிச்சிட்டு எழுந்திடறேன். வண்டி கெளம்பிட்டா எழுத முடியாது.”

“நானும் எழுதத்தான் போறேன். எனக்கு அந்த ஜன்னல் வேணும்.”

“எழுதவா? பேனா எங்க?”

மோனிகா ஒரு கையில் செல்போனையும் மறு கையின் கட்டை விரலையும் தூக்கிக் காட்டினாள்.

அவன் சிரித்தான். கேலி இல்லாத சிரிப்புதான். ஆனாலும் அவளுக்குக் கோபம் வந்தது. “அதுல தட்டுறதுக்கு ஜன்னல் எதுக்குங்க?”

“முழங்கைய ஊன. வண்டி குலுங்குனா வெரல் தப்பிப் போவும். போதுமா வெளக்கம்? எழுந்திரிங்க.”

எழுந்தான். அந்த நேரம் பார்த்து டிரைவர் வண்டியை எடுத்தார். ஒரு குலுக்கல்… மூடாத பேனா உதறியதில் மோனிகாவின் மஞ்சள் துப்பட்டாவில் நீலமாய் ஒரு பொட்டு. பொட்டா அது? பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூவாய் விரிந்தது.

“இன்னா தம்பி,” என்றார் கண்டக்டர், “லேடீஸ் சீட்டுல குந்தனதுமில்லாம லேடீஸுக்கே மையடிக்கிறியா?”

பஸ்ஸே சிரித்தது. ஐப்பசி மழை ஜன்னல் ஷட்டரில் தடதடத்தது. மோனிகா முழங்கையை ஊன்றி உட்கார்ந்தாள். தலைக்கு மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆலப்பாக்கம் வரைக்கும் அவன் “சாரிங்க… சாரிங்க…” என்றான். ஆலப்பாக்கம் தாண்டியதும், “துவைச்சா போயிடும்ங்க, வாஷபிள் இங்க்தான்” என்றான்.

போகவில்லை. அவள் நிஜமாகவே துவைத்துப் பார்த்தாள். பிறகு துவைப்பதை விட்டுவிட்டாள்… ஏன் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவும் இல்லை.

அவன் பேர் அறிவழகன். புவனகிரிக்காரன். சிதம்பரம் வடக்கு வீதியில் அவனுடைய தாய்மாமா காசிநாதன் நடத்தும் காலாண்டிதழில் பிழை திருத்துகிறான். இதழ் அச்சாவது கடலூரில். அதனால் வாரா வாரம் கடலூர் வந்து அக்கா வீட்டில் தங்கிவிட்டு, காலையில் அச்சகத்தில் ப்ரூஃப் வாங்கிக்கொண்டு இதே பஸ்ஸில் திரும்புவான். மோனிகாவோ தினமும் இதே பஸ்தான். சிதம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் அடிக்கும் வேலை. ஊரார் வயிற்றுக் கல்லையும் கட்டியையும் பகலெல்லாம் தட்டிவிட்டு, போக வர பஸ்ஸில் தன் கதையைத் தட்டுவாள்.

அடுத்த வாரம் அவள் ஏறியபோது, ஜன்னல் சீட்டில் அவன் பை மட்டும் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன்.

“உங்களுக்குத்தான் புடிச்சு வெச்சேன்.”

“நான் கேக்கலியே?”

“போன வாரம் கேட்டதே இன்னும் காதுல கேக்குதுங்க…”

உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். கண்ணை அடக்க முடியவில்லை. அது சிரித்துத் தொலைத்தது!

பிறகு வாராவாரம் அதே சண்டைதான்.

“நீல மைதான் வேணுமா? கறுப்புல எழுதுனா கதை வராதா?”

“வராது. மூடியக் கழட்டிப் பின்னால செருகலைன்னாலும் வராது. பேனா எடை கொறஞ்சிடும்… கை தடுமாறும்.”

“சரியான லூசு.”

“உங்களுக்கு ஒண்ணும் இல்லியாக்கும்? வெளிச்சத்தக் கொறைச்சுக் கொறைச்சு, ஸ்க்ரீன் தெரியாமத்தான தட்டுறீங்க?”

“பக்கத்துல நிக்கிறவன் எட்டிப் பாக்குறானே! இந்த வெடிப்பு இருக்கு பாருங்க, அங்கதான் ‘ள’ இருக்கு. ரெண்டு தடவ அழுத்தணும். ‘அவள்’னு எழுதறதுக்குள்ள உசுரு போவுது.”

“பேசாம பேப்பர்ல எழுதலாம்ல?”

மோனிகாவின் முகம் சட்டென்று இறுகியது. புதுச்சத்திரம் தாண்டி, மழையில் சாம்பல் நிறமாய்க் கிடந்த இறால் குட்டைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“காலேஜ்ல என் அசைன்மென்ட்ட ஒரு மேடம் கிளாஸ் முன்னால தூக்கிக் காட்டுனாங்க. ‘இது எழுத்தா, மீன் செதிலா’ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அன்னியோட பேனாவ வெச்சிட்டேன். போன்ல அடிச்சா என் ‘அ’வும் கலெக்டரோட ‘அ’வும் ஒண்ணுதாங்க. யாரு வீட்டுப் பொண்ணுன்னு அந்த எழுத்து காட்டிக் குடுக்காது.”

பேனாவை மூடி சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். அவன் ஆறுதல் சொல்ல வராதது அவளுக்குப் பிடித்திருந்தது. ரொம்பவே…

இதழின் கதைப்போட்டி அறிவிப்பை அவன்தான் காட்டினான். பரிசுக்கதை முதல் பக்கத்தில் எழுதியவர் பெயரோடு வரும். அடியில் வழக்கமான விதி: கையெழுத்துப் பிரதி மட்டும். விரல் வலிக்காமல் எழுதுவது எழுத்தே இல்லை என்பது காசிநாதனின் கட்சி. இன்னொரு விதியும் உண்டு. யார் எழுதியது என்று தெரியாமல் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதால், பெயரைத் தனிச்சீட்டில் எழுதி மடித்து இணைக்க வேண்டும்.

“அனுப்புங்க மோனிகா.”

“நான் கையால எழுத மாட்டேன்.”

“நான் எழுதித் தரேன்.”

“என்னாத்துக்கு? கை வலிக்கும்.”

“வலிக்கட்டும்.”

அவ்வளவு மெதுவாகச் சொன்னான். கண்டக்டர் விசில் அடித்தார்… அது காதில் விழுந்ததா, நெஞ்சுக்குள் அடித்ததா? அன்று மாலையே கதையை அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். தலைப்பு ‘நிக்கிறவ’. காலி சீட்டு இருந்தும் ஈர மீன் கூடையோடு நின்றுகொண்டே வரும் ஒரு பெண்ணின் கதை.

அடுத்த வாரம் வந்தவனின் நடுவிரலில் நீலம் படிந்த காய்ப்பு.

“ஒரு எடத்துல கை நின்னுடுச்சிங்க. அவ எறங்கும்போது, ‘சீட்டு ஈரமாவல, நான் குந்தல’ன்னு கண்டக்டர்கிட்ட சொல்லுவா இல்ல… அதுக்கப்புறம் எழுத முடியல. டீ குடிச்சிட்டு வந்துதான் எழுதுனேன்.”

அது அவள் தட்டும்போது பல்லைக் கடித்துக்கொண்டு தட்டிய இடம். யாரிடமும் சொன்னதில்லை. அவன் கை எப்படிக் கண்டுபிடித்தது?

வெளியே வெள்ளாறு பெருகி ஓடியது. உள்ளே மோனிகாவும்…

*

அதெல்லாம் கார்த்திகை வரைக்கும்.

அன்று காலை அவள் பஸ் ஏறியபோதே அவன் முகம் சரியில்லை. ஜன்னல் சீட்டு அவளுக்காகக் காலியாக இருந்தது. அவள் உட்கார்ந்ததும் ப்ரூஃப் தாளை நீட்டினான். முதல் பக்கம். ‘நிக்கிறவ’. பரிசுக்கதை!

“ஐயோ… கெடைச்சிடுச்சா!”

துள்ளிய கண், தலைப்புக்குக் கீழே இறங்கியது. நின்றது.

அறிவழகன்.

“இது… இன்னாங்க இது?”

“மாமா பேர்ச்சீட்டப் பிரிக்கவே இல்ல மோனிகா. கையெழுத்தப் பாத்துட்டு நான்தான் எழுதுனேன்னு நெனச்சி நேரா அச்சுக்கு அனுப்பிட்டாரு. இப்பதான் ப்ரஸ்ல பாத்தேன். உடனே போன் பண்ணேன்… அவரு அழுவுறாரு. ‘என் மருமவன் எழுத்தாளன் ஆயிட்டான்’னு அழுவுறாரு. அம்மாவுக்கெல்லாம் சொல்லிட்டாரு. எனக்கு… எனக்கு வாய் வரல.”

“இப்ப வருதா?”

“கொஞ்சம் டைம் குடுங்க. பேருதான… அடுத்த இதழ்ல திருத்தம் போட்டுடலாம்.”

பேருதான!

மோனிகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழவில்லை. அழுகிற ஜாதியில்லை அவள். “எங்கம்மா காலம் பூரா நின்னதுக்கு, நான் அவங்கள உக்கார வெச்ச ஒரே சீட்டு அந்தக் கதைதாங்க. அதுலயும் நீங்களே குந்திக்கினீங்க. ஜன்னல் சீட்ட எழுந்து குடுத்தீங்களே, நல்லவருன்னு நெனச்சேன்.”

அவன் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பி.முட்லூரில் கூட்டம் ஏறியது. அவர்களுக்கு நடுவில் ஒரு கறிவேப்பிலைக் கட்டு, ஒரு கைக்குழந்தை, ஒரு கோபம். முட்லூர் தாண்டும்போது மோனிகா முடிவு செய்துவிட்டாள். ஒன்றல்ல… இரண்டு முடிவு. இரண்டாவதை நினைத்தபோது அவளுக்கே தன் மேல் எரிச்சல் வந்தது. இத்தனை கோபத்திலுமா அது மாறவில்லை?

சிதம்பரத்தில் இறங்கியதும் ஸ்கேன் சென்டருக்குப் போகாமல் வடக்கு வீதிக்கு நடந்தாள். நனைந்துகொண்டே அவன் பின்னால் வந்தான்.

மாடி அறை. காசிநாதன் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு எழுந்தார். “வாய்யா மருமவனே! வாய்யா எழுத்தாளரே! யாருய்யா இந்தப் பொண்ணு?”

மோனிகா வாயைத் திறந்தாள். அதற்கு முன்னால் குரல் வந்தது. பின்னாலிருந்து.

“மாமா, கைதான் என்னுது. கதை இவுங்களோடது.”

காசிநாதன் சிரித்தார்.

“வெளையாடாத. உன் எழுத்து எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு வரியிலயும் உசுரு இருக்கு. அப்பிடி நீ எழுதி நான் பாத்ததேயில்லய்யா.”

“அது… இவுங்களுக்காக எழுதுனேன் மாமா. அதனால வந்த உசுரு.” அவன் அதோடு நிறுத்தவில்லை. “எனக்கு இவுங்களப் புடிக்கும். இவுங்க ஒரு வெரலால தட்டித் தட்டி எழுதுனத, நான் கை வலிக்க வலிக்கக் காப்பிதான் எடுத்தேன். பஸ்ல டைம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. தப்பு. அம்மாகிட்டயும் நானே சொல்லிடறேன்.”

மோனிகா திரும்பவில்லை. திரும்பினால் கோபம் கரைந்துவிடும். பாவி… சொல்ல வேண்டிய இடம் பார்த்தானே!

காசிநாதன் மேசை இழுப்பறையைத் திறந்து, பிரதியோடு இணைத்திருந்த பேர்ச்சீட்டைப் பிரித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். கெட்ட மனிதர் இல்லை. பிடிவாதக்காரர்.

“செரிம்மா. உன் பேரே போடறேன். ஆனா விதின்னு ஒண்ணு இருக்கு. இங்கியே குந்தி மொத பக்கத்த மட்டும் உன் கையால எழுதிக் குடு. அது போதும்.” வெள்ளைத் தாளைத் தள்ளினார். “இந்தக் காலத்துல ஆளாளுக்குத் தட்டுறீங்க. தட்டுறது எழுத்தாம்மா?”

“உங்க கண்ணுக்கு எழுத்துதான் தெரியுது சார், எழுதுனவங்க தெரியல. தெரிஞ்சிருந்தா பேர்ச்சீட்ட அன்னிக்கே பிரிச்சிருப்பீங்க.”

பெரியவர் பேர்ச்சீட்டை இன்னொரு தடவை குனிந்து பார்த்தார்.

மோனிகா வெள்ளைத் தாளைத் தொடவில்லை. திரும்பாமலே பின்னால் கையை நீட்டினாள். “பேனா.”

அறிவழகன் சட்டைப்பையிலிருந்து எடுத்து, மூடியைக் கழற்றிப் பின்னால் செருகி, அவள் உள்ளங்கையில் வைத்தான். எடை சரியாக இருந்தது.

ப்ரூஃப் தாளை மேசையில் விரித்தாள். ‘அறிவழகன்’ மேல் ஒரு கோடு. மெல்லிய கோடுதான், ஏனோ அழுத்தி இழுக்கக் கை வரவில்லை. பக்கத்தில் எழுதினாள். கோணலாய், குறுகலாய், ஒன்றன் மேல் ஒன்று ஏறி, செதில் செதிலாய்…

மோனிகா.

“இவ்ளோதான் கையால எழுதுவேன். மீதிய எழுத மாட்டேன். இந்தப் பேரோட போடறதுன்னா போடுங்க. இல்லன்னா கதைய எடுத்துடுங்க சார். டைப் அடிச்சத வாங்குற பத்திரிகையும் இருக்கு, நான் அனுப்பிக்கிறேன். பஸ்லயே முடிவு பண்ணிட்டுத்தான் வந்தேன்.”

பேனாவை மூடினாள். திரும்பினாள். நாவல்பழக் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன, ஈரமாய். அவன் நெற்றியிலிருந்து மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த மஞ்சள் துப்பட்டாவை, மை பூத்த அதே துப்பட்டாவை, கைப்பையிலிருந்து எடுத்து அவன் கையில் திணித்தாள்.

“தொடைங்க. சளி புடிக்கும்.”

“மோனிகா… உங்களுக்கு என் மேல…”

“கோவம் இருக்கு. போவ நாளாவும். அதெல்லாம் ஒருபக்கம் இருக்கட்டும்.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “உங்களப் புடிச்சிருக்கு. முட்லூர்லயே முடிவாயிடுச்சு. இத எழுதியும் குடுக்க மாட்டேன், டைப் அடிச்சும் அனுப்ப மாட்டேன். வாயாலதான் சொல்லுவேன், ஒரு தடவதான் சொல்லுவேன். கேட்டுச்சா?”

கேட்டது. துப்பட்டாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினான்.

“அடுத்த வாரம் ஜன்னல் சீட்டுல பைய வெக்காதீங்க. நானே கேட்டு வாங்கிப்பேன்.”

படியில் இறங்கினாள். மேலே காசிநாதன் போனில் கத்துவது கேட்டது. “ஹலோ… ப்ரஸ்ஸா? மொத பக்கத்த நிறுத்துங்கய்யா!”

அவள் நிற்கவில்லை. கட்டை விரலில் ஒட்டியிருந்த நீல மையைத் துடைக்கவும் இல்லை. மழைக்குள் இறங்கி நடந்தாள்.