காணாமல் போன டிஸ்க்கும் நிற்காத சர்வரும்

காலை 9.10.

வெளிக்கதவுப் பூட்டில் ஒரு கீறல் இல்லை. ஜன்னல்கள் உள்பக்கம் தாழிட்டபடியே இருந்தன. மேஜை, நாற்காலி, தண்ணீர்க் குடுவை எல்லாம் சனிக்கிழமை மாலை விட்டுப்போன இடத்திலேயே இருந்தன. மூலையில் நின்ற சர்வரில் மட்டும், முகப்பிலிருந்த நான்கு சிறு கதவுகளில் முதல் கதவு திறந்து கிடந்தது. அதற்குள் இருக்க வேண்டிய டிஸ்க் இல்லை.

"அக்கா, டிஸ்க்கைக் காணோம்!"

அந்த அலறலில் கீழே லாண்டரியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் கையைச் சுட்டுக்கொண்டார்.

லாண்டரிக்கு மேலிருந்த அந்த இரண்டு அறைகளில் நடந்த தொழில் எளிமையானது. பூக்கடை, தையல் வகுப்பு, சைக்கிள் ரிப்பேர் என்று நூற்றுச் சொச்சம் சின்ன இணையதளங்களை ஒரே சர்வரில் குடிவைத்து வாடகை வாங்குவது. அக்கா முதலாளி. அவருடைய தம்பி இயந்திரத்தைக் கவனிப்பவன். சட்டைப்பையில் எப்போதும் நாலைந்து திருகாணிகள் உருள்வதால் அவன் பெயரே திருகாணி ஆகிவிட்டது. அக்காவின் கணவர் வாடிக்கையாளர்களைப் பிடித்து வருபவர். வாய் ஓயாத மனிதர். ஊரே அவரை ரேடியோ என்றது. அவருக்கும் அதில் ஒரு பெருமைதான்.

மாதக்கணக்காக மூவருக்கும் ஒரே சண்டை. சர்வரில் இருப்பது ஒற்றை டிஸ்க். இன்னொன்று வாங்கி, எழுதுவதையெல்லாம் இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுத வைத்தால், ஒன்று செத்தாலும் மற்றது தாங்கும் என்றான் திருகாணி. தினமும் ராத்திரி ஒரு நகல்தான் வெளியே போகிறதே, டிஸ்க் செத்தால் புதிது போட்டு நகலை ஏற்றினால் நாலு மணி நேரத்தில் எழுந்துவிடும், இத்தனூண்டு சர்வருக்கு எதற்கு இந்த ஆடம்பரம் என்றார் ரேடியோ. அந்த மெஷினைத் தொடவே விடமாட்டேன் என்று குறுக்கே நிற்காத குறைதான். சனிக்கிழமை திருகாணி கடைசியாகச் சொல்லிவிட்டான்: திங்கட்கிழமை முடிவு சொல்லுங்கள், இல்லையென்றால் எனக்கு வேறு கம்பெனியில் வேலை காத்திருக்கிறது.

இன்று திங்கட்கிழமை. முதலாளியம்மா தம்பியை ஏற இறங்கப் பார்த்தார்.

"டேய், நாடகம் போடறியா? ரெண்டாவது டிஸ்க் வேணும்னு காட்ட இருக்கறதையே ஒளிச்சு வச்சிருக்கியா?"

"அக்கா! என்னைப் போய்..."

"சாவி மூணு பேர்கிட்டதான் இருக்கு. நான் எடுக்கலை. அவருக்கு மவுஸைத் தவிர வேறெதையும் தொடத் தெரியாது. பாக்கி யாரு?"

திருகாணியின் முகம் சுருங்கிவிட்டது. "சரி. அந்த வேலைக்கே போயிடறேன்" என்று தன் மேஜை இழுப்பறையைக் காலி செய்யத் தொடங்கினான். சொந்த அக்கா வாயால் திருடன் பட்டம் வாங்கியது அவனுக்குத் தாங்க முடியவில்லை.

"கொஞ்சம் இரு. யாரும் எங்கேயும் போக வேண்டாம்."

வாசலில் நின்றவர் ரேடியோவின் அக்கா. போலீஸ் இன்ஸ்பெக்டர். ஒரு வாரம் விடுமுறையில் தம்பி வீட்டுக்கு வந்தவர், இரண்டு நாள் ஓய்வெடுத்ததிலேயே அலுத்துப்போய், பொழுது போகாமல் ஆபீசைப் பார்க்க வந்திருந்தார். டிஸ்க் காணோம் என்றதும் அந்த முகத்தில் வந்த களை, விருந்துச் சாப்பாட்டைப் பார்த்தாலும் வராது.

"எனக்குக் கம்ப்யூட்டர் ஒரு எழவும் தெரியாது. குழந்தைக்குச் சொல்ற மாதிரி சொல்லு. டிஸ்க் இல்லைன்னா என்ன ஆகும்?"

"எல்லா சைட்டும் படுத்துடும், மேடம்."

"படுத்துடுச்சா?"

திருகாணி கணினியைத் தட்டினான். முதலாளியம்மா போனை எடுத்துப் பூக்கடையைத் திறந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பூக்கடை ஓடியது. தையல் வகுப்பு ஓடியது. எல்லாம் ஓடின.

"மெமரியில இருக்கறதை வச்சுக் கொஞ்ச நேரம் ஓடும்," என்றான் திருகாணி, நெற்றியைத் துடைத்துக்கொண்டே. "தலை போன கோழி மாதிரி. எந்த நிமிஷமும் விழுந்துடும்."

இன்ஸ்பெக்டர் சர்வரின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். காய்ச்சல் பார்ப்பதுபோல நான்கு கதவுகளிலும் புறங்கையை வைத்துப் பார்த்தார். இரண்டாவதில் கை சற்று அதிக நேரம் நின்றது.

"மத்த மூணுலயும் என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லை. வாங்கின நாள்லேர்ந்து காலி."

"திறந்து பார்த்திருக்கியா?"

"காலியா இருக்கறதைத் திறந்து என்னத்தைப் பார்க்கறது, மேடம்?"

இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்தார்.

காலை 9.25. ரேடியோ வந்து சேர்ந்தார். காலில் பளபளக்கும் புதுக் கேன்வாஸ் ஷூ.

"வாக்கிங் முடிஞ்சுதாக்கும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அந்தக் கூத்தைக் கேளுங்க, அண்ணி," என்றார் முதலாளியம்மா. "டாக்டர் தலையால அடிச்சுக்கிட்டும் ஒரு நாள் நடக்காத மனுஷன், இன்னைக்கு விடியறதுக்குள்ள போனைப் பார்த்துக்கிட்டே எழுந்து நடக்கப் போறேன்னு கிளம்பிட்டார். என்னங்க, டிஸ்க் திருடு போயிடுச்சு!"

"ஐயையோ!" என்று ரேடியோ மார்பில் கைவைத்தார். பிறகு தேநீர்க் கெட்டிலைப் போட்டார். நாலு கோப்பை எடுத்துக் கழுவினார். இந்தக் காலத்தில் திருடர்களுக்குப் படிப்பு அதிகமாகிவிட்டது என்பதைப் பற்றிக் கொதிநீர் தயாராகும்வரை பேசினார். திருகாணிதான் சந்தேக நபர் என்று தெரிந்ததும் மட்டும் குரல் மாறியது.

"சேச்சே! மாப்ளை எடுத்திருக்க மாட்டான். சத்தியமா எடுத்திருக்க மாட்டான். இழுப்பறையை மூடுடா நீ முதல்ல."

மாதக்கணக்காகத் தன்னோடு மல்லுக்கு நின்றவர் இப்படிப் பரிந்து பேசியது திருகாணிக்கே புதிதாக இருந்தது.

காலை 9.50. இன்ஸ்பெக்டர் கீழே இறங்கினார். லாண்டரிக்காரர் சுட்ட விரலைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"காலையில மேலே ஏதாவது சத்தம் கேட்டுதா?"

"சத்தமா? கீ கீன்னு ஒரே கத்தல். ஆறு மணி இருக்கும். என் மெஷின்தான் துணி முடிச்சுட்டுக் கூப்பிடுதுன்னு ஒவ்வொண்ணாத் திறந்து பார்த்தேன். எதுவும் இல்லை."

"எப்ப நின்னுது?"

"அரை மணி கழிச்சு. யாரோ தடதடன்னு படியேறினாங்க. அப்புறம்தான் கத்தல் நின்னுது."

"கத்தல் முதல்லயா, கால் சத்தம் முதல்லயா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"கத்தல்தாம்மா. காதே போச்சு."

"ஆளைப் பார்த்தீங்களா?"

"ஷட்டரை நான் அப்பத் திறக்கலியே. ஆனா கிளம்பறப்ப ஸ்கூட்டர் சத்தம் கேட்டுது."

காலை 10.20. இன்ஸ்பெக்டர் மேலே வந்தபோது மூவரும் தேநீரை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். சர்வர் இன்னும் விழவில்லை.

"ஏம்மா, இன்னைக்குப் புதுசா ஏதாவது ஆர்டர் வந்திருக்கா?"

"பூக்கடைக்கு மூணு வந்திருக்கு, அண்ணி. இப்பதான் பார்த்தேன், பத்திரமா பதிவாகியிருக்கு."

"எதுல பதிவாச்சு?"

முதலாளியம்மா திரும்பித் திருகாணியைப் பார்த்தார்.

"பழசை மெமரியிலேர்ந்து காட்டுதுன்னு உன் தம்பி சொன்னான். சரி. நாலு மணி நேரமா புதுசா வர்றதை எங்க வச்சு எழுதுது? நோட்டே இல்லாம யாராவது எழுதுவாங்களா?" இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அதுக்குள்ள இன்னொரு டிஸ்க் இருக்கு. காலியா இருக்கற பெட்டி சூடாகாது. இரண்டாவது கதவு மட்டும் இளஞ்சூடா இருக்கு. திற."

திருகாணி திறந்தான். உள்ளே ஒரு டிஸ்க் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் பச்சை விளக்கின்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. திருகாணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இது திருட்டே இல்லை," என்றார் இன்ஸ்பெக்டர். "கத்தல் முதல்ல வந்துது, கால் அப்புறம்தான் வந்துது. திருடன் வந்ததால மெஷின் கத்தலை. மெஷின் கத்தினதாலதான் ஆள் வந்திருக்கான். ஆறு மணிக்கு முதல் டிஸ்க் தானாவே செத்துப்போச்சு. அது செத்தா சர்வர் நிக்காதுன்னு தெரிஞ்ச ஒருத்தன் வந்து, அதைப் பிடுங்கிக்கிட்டு மாத்திட்டு வரப் போயிருக்கான். அவசரத்துல கதவை மூட மறந்துட்டான்."

"யாரு?" என்றார் முதலாளியம்மா.

"வாக்கிங் போன ஷூவுல ஒரு பொட்டுத் தூசி இல்லை. அதைக்கூட விடு. சைட் படுத்துடுச்சான்னு நான் கேட்டதும் நீ போனை எடுத்தே. அவன் கம்ப்யூட்டரைத் தட்டினான். ரெண்டு பேருக்கும் உடனே சைட் ஓடுதான்னு பார்க்கத் தோணிச்சு. அதுதானே இயல்பு? சோறு தின்னும்போதுகூட சைட்டைத் திறந்து திறந்து பார்க்கிற ஒருத்தன், இன்னைக்கு மட்டும் ஒரு தடவைகூடப் பார்க்கலை. கோப்பை கழுவினான்." அவர் திரும்பினார். "ஏன்டா, ஓடும்னு உனக்கு முன்னாடியே தெரியும், இல்லையா?"

வாழ்க்கையில் முதல் முறையாக ரேடியோவில் ஒலி வரவில்லை. திருட்டு முழி முழித்தார்.

பிறகு எல்லாம் வெளியே வந்தது. வீடுகளுக்குப் போய்ப் பிரசவம் பார்க்கும் நர்ஸ்கள் சிலர், இன்று யாருக்கு முறை, யாரை அழைக்கலாம் என்று காட்டும் பக்கம் ஒன்றை இங்கே வைத்திருந்தார்கள். அவர்களைப் பிடித்து வந்த சந்தோஷத்தில், "ஒரு நிமிஷம்கூட நிக்காது" என்று ரேடியோ வாக்குக் கொடுத்துவிட்டார். கேட்காமல் வாக்குக் கொடுத்தால் தொலைத்துவிடுவேன் என்பது முதலாளியம்மாவின் சட்டம். சொல்லப் பயம். சொல்லாமல் இருக்கவும் பயம். திருகாணி லீவில் இருந்த நாளில் டிஸ்க் கடைக்காரரை அழைத்து வந்து, கைக்காசில் இரண்டாவதைப் போட்டு, சர்வருக்குள்ளேயே இருந்த ஒரு கார்டு இரண்டையும் ஒன்றாக நடத்தும்படி செய்துவிட்டார். திருகாணியின் கணினியில் பார்த்தால் ஒரே டிஸ்க்தான் தெரியும். ஒன்று செத்தால் அவர் போனுக்குச் செய்தி வரும்.

"அப்புறம் ஏங்க ரெண்டாவது வேண்டாம்னு அந்தச் சண்டை போட்டீங்க?"

"வாங்கினா மாப்ளை மாட்டறதுக்குக் கதவைத் திறப்பானே! குட்டு வெளிப்பட்டுடுமே!" ரேடியோ திருகாணியின் பக்கம் திரும்பினார். "புது டிஸ்க் பதினோரு மணிக்கு வந்துடும். அது வர்ற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருக்கலாம்னு பார்த்தேன். உன்மேல பழி விழும்னு நினைக்கலைடா. மன்னிச்சுடு."

முதலாளியம்மா மூக்கு விடைக்க எழுந்தார். அதற்குள் தரையில் உட்கார்ந்தபடியே மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்த திருகாணி மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, ஆறு இருபதுக்கு அந்த நர்ஸ் பக்கத்தை யாரோ திறந்திருக்காங்க. அழைப்பு பட்டனை ரெண்டு தடவை அழுத்தியிருக்காங்க. இருபத்தஞ்சுக்கு நர்ஸ் 'கிளம்பிட்டேன்'னு பதில் போட்டிருக்காங்க."

அந்த நேரத்தில் முதல் டிஸ்க் செத்துக் கிடந்தது. முதலாளியம்மாவுக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, கண்தான் கலங்கியது.

"சர்வர் சின்னதா பெரிசாங்கறதுல ஒண்ணும் இல்லை," என்றார் கடைசியில். "நாலு மணி நேரம் நின்னா யாருக்கு என்ன ஆகும்னு நாம கேட்கவே இல்லையே. பூக்கடை பொறுத்துக்கும். பிரசவ வலி பொறுக்குமா? ரெண்டு டிஸ்க் வேணும். ராத்திரி நகலும் வேணும். தப்பா ஒண்ணை அழிச்சா ரெண்டு டிஸ்க்குலயும் சேர்ந்தேதான் அழியும். செத்தா செய்தி மூணு பேர் போனுக்கும் வரணும். நீங்க ஊர்ல இல்லாத அன்னைக்கு அது கத்தியிருந்தா என்னங்க ஆகியிருக்கும்?"

ரேடியோ தன் போனைத் திருகாணியிடம் நீட்டினார்.

காலை 11.05. கடைக்காரர் புது டிஸ்க்கோடு வந்தார். திருகாணி அதைச் செருகிக் கதவை மூடினான். விளக்கு மினுக்கத் தொடங்கியது. பழையதிலிருந்து புதியதற்கு எல்லாம் நகலாகிக்கொண்டிருந்தது. முதலாளியம்மா தம்பியின் தோளில் கைவைத்தார்.

"கோவத்துல என்னென்னவோ சொல்லிட்டேன்டா. உன்னைச் சந்தேகப்பட்டிருக்கக் கூடாது. அந்த வேலைக்குப் போயிடாதே."

திருகாணி காலி செய்த பொருள்களை ஒவ்வொன்றாக இழுப்பறைக்குள் திருப்பி அடுக்கினான்.

"எங்கேக்கா போறது? என் மெஷினுக்குள்ள ரெண்டு டிஸ்க் ஓடினதே தெரியாம, ரெண்டு டிஸ்க் வேணும்னு மாசக்கணக்கா சண்டை போட்டிருக்கேன். என்னை எவன் வேலைக்கு எடுப்பான்?" என்றவன், இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கைகூப்பினான். "மேடம், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இந்தக் கேஸை மட்டும் வெளியில சொல்லிடாதீங்க."