வேதா அரைத்த லேகியம்

"இன்னா பாப்பா, பூவெல்லாம் எங்க? கொத்து மொட்டையா கீது!" என்றார் ரவி அண்ணா.

நேற்று குரோம்பேட்டையில் சித்தியின் கல்யாண ரிசப்ஷனுக்கு மேடை அலங்காரம் செய்தவர் அவர்தான். மிச்சமான ஆர்க்கிட் பூக்களை அம்மா அவருடைய ஜாடியோடு ஊரப்பாக்கம் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டாள். ஜாடியை வாங்கிப்போக வந்திருந்தார்.

"விளையாட எடுத்தேன் அண்ணா" என்றாள் வேதா.

"விளையாடிக்கோ. வாயில மட்டும் வெச்சிடாத. வாடாம இருக்க மருந்து அடிச்ச பூ."

ஐயோ! அந்தப் பூ இப்போது தம்பி ஷ்யாமின் வயிற்றில் அல்லவா இருக்கிறது!

எல்லாம் பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியால் வந்த வினை. ஆயுர்வேத லேகியத்தில் சிலவகை ஆர்க்கிட் கிழங்குகளைச் சேர்ப்பார்கள், உடம்புக்குத் தெம்பு தரும் என்று பேசிப் பரிசும் வாங்கியிருந்தாள் வேதா. ஷ்யாமோ வாரம் தவறாமல் இருமுகிறவன். இதுவும் ஆர்க்கிட்தானே என்று வெல்லமும் தேனும் சேர்த்து அரைத்து, காலையில் அவனுக்கு ஊட்டிவிட்டாள். அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வேறு!

ரவி அண்ணா போனதும் உள்ளே ஓடினாள். ஷ்யாம் சோபாவில் சுருண்டு கிடந்தான்.

"அக்கா, வயிறு என்னமோ பண்ணுது."

வேதா அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சொன்னால் அம்மா தோலை உரித்துவிடுவாள். சொல்லாவிட்டால்? அதற்கு மேல் அவளால் நினைக்கவே முடியவில்லை.

"அம்மா! ஷ்யாமுக்கு நான் ஆர்க்கிட் பூவை அரைச்சுக் கொடுத்துட்டேன். மருந்தடிச்ச பூவாம்!"

அம்மாவின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. திட்டக்கூட நேரமில்லை. கிளம்பும் அவசரத்திலும் மிச்ச லேகியத்தையும் ஒரு பூவையும் வேதா டப்பாவில் போட்டுக்கொண்டாள். ஆட்டோவில் தம்பியின் கையை விடவே இல்லை.

டாக்டர் சுபத்ரா டப்பாவை முகர்ந்து பார்த்தார். "எவ்வளவு கொடுத்தே? எப்போ?"

"அரை ஸ்பூன். எட்டரை மணிக்கு." வேதா எதையும் மறைக்கவில்லை.

டாக்டர் ஷ்யாமின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "பயப்படாதீங்க, கொஞ்சம்தான் போயிருக்கு. ஒரு மணி நேரம் இங்கேயே இருக்கட்டும். டப்பாவைக் கொண்டு வந்தது நல்லதாப் போச்சு. ஆனா லேகியத்துல போடுற ஆர்க்கிட் வேற, மேடையில கட்டுற ஆர்க்கிட் வேற, வைத்தியரம்மா!"

வேதாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

"டாக்டர், அக்கா ரெண்டு ஸ்பூன் தின்னா" என்றான் ஷ்யாம். "கசக்கலைன்னு எனக்குக் காட்டறதுக்கு."

டாக்டர் திரும்பினார். "உனக்கு வயிறு வலிக்குதா?"

வேதா திருதிருவென்று விழித்தாள். "தெரியல டாக்டர். நான் இன்னும் கவனிக்கவே இல்ல."

டாக்டர் சிரித்துக்கொண்டே ஸ்டெதாஸ்கோப்பை அவள் பக்கம் திருப்பினார். அம்மாவோ, பத்து வயதுப் பெண் என்றும் பாராமல் வேதாவைத் தூக்கி மடியில் உட்கார வைத்துக்கொண்டாள்.