தரைத்தகுதி

காலை ஒன்பது மணி அடித்ததும் எல்லோரும் விழுந்தார்கள்.

மொத்தம் நாற்பத்தொரு பேர். சிலர் குப்புற, சிலர் பக்கவாட்டில், துணிச்சல்காரர்கள் மல்லாந்து. நிலாவில் ஆளின் எடை ஆறில் ஒரு பங்குதான் என்பதால் விழுவதுகூட அங்கே அவசரமில்லாமல் நடந்தது. தரையைத் தொடுவதற்குள் பக்கத்து ஆளிடம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிடலாம். விழுந்தவர்கள் சிரித்துக்கொண்டே எழுந்து, கேமராவைப் பார்த்துக் கை அசைத்தார்கள். பூமியில் இருந்த மகன்களும் மகள்களும் அதைப் பார்த்து, திரையில் ஆளுக்கொரு பூவைப் போட்டுவிட்டு, நிம்மதியாக வேலையைக் கவனிக்கப் போனார்கள்.

இதற்கு விழுகாட்சி என்று பெயர். பத்திரபுரி முதியோர் குடியிருப்பின் விளம்பரமே இதுதான்: "இங்கே உங்கள் பெற்றோர் விழலாம்." பூமியில் ஒரு முதியவர் குளியலறையில் வழுக்கினால் இடுப்பெலும்பு போயிற்று. நிலாவில் வழுக்கினால் ஒரு சிரிப்போடு சரி. அப்படியிருக்க, பெற்றவர்களைப் பூமியில் வைத்திருப்பது ஒருவகைக் கொடுமை என்றே அக்காலத்துப் பிள்ளைகள் நம்பினார்கள். பாசம் இல்லாதவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. பாசம் நிறையவே இருந்தது, பிரச்சினையே அதுதான்.

மங்கையர்க்கரசியும் அன்று விழுந்தாள். ஆனால் கை அசைக்கவில்லை. அவளுக்கு எழுபத்தொரு வயது. விருதுநகர்க்காரி, முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் சமையலறையில் கால் இடறி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மருத்துவமனையில் கையை அழகாக ஒட்டி அனுப்பினார்கள். அடுத்த மாதமே மகன் அதியன் அவளை நிலாவுக்கு அனுப்பினான்.

அவளுக்கு ஊருக்குத் திரும்ப வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். திரும்புவதற்கோ ஒரு நிபந்தனை இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை எலும்பின் அடர்த்தியை அளப்பார்கள். முப்பது வயது ஆளின் எலும்போடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவார்கள். அது மைனஸ் இரண்டரைக்குக் கீழே இறங்காமல் இருந்தால் 'தரைத்தகுதி' உண்டு, பூமியின் எடையை உடம்பு தாங்கும் என்று பொருள். மூன்று முறை தவறினால் திரும்பும் உரிமை நிரந்தரமாக ரத்து. பத்திரபுரி தொடங்கிய பன்னிரண்டு ஆண்டுகளில் தரைத்தகுதி பெற்றவர் ஒருவரும் இல்லை. மங்கையர்க்கரசி முதல் ஆண்டு மைனஸ் இரண்டு புள்ளி ஆறு வாங்கினாள். இரண்டாம் ஆண்டு மைனஸ் இரண்டு புள்ளி ஒன்பது.

"இன்னும் ஒரு தடவைதான் இருக்கு மங்கைம்மா," என்றார் அளக்க வந்த டாக்டர் ஷாஹிதா. ஆண்டுக்கு நான்கு முறை பூமியிலிருந்து வந்துபோகிறவர் அவர். "ஒண்ணு கேக்கறேன். கை உடைஞ்சப்ப எலும்பை அளந்தாங்களா? மருந்து ஏதாவது குடுத்தாங்களா?"

"கட்டுப் போட்டாங்க. பிரிச்சாங்க. அம்புட்டுதான்."

"நின்ன இடத்துல இருந்து விழுந்து ஒரு எலும்பு உடையுதுன்னா, அடுத்தது உடையப்போகுதுன்னு அர்த்தம். அன்னைக்கே பாத்திருக்கணும். பாக்காம, விழுந்தாலும் உடையாத இடமாப் பாத்து உங்களை அனுப்பிட்டாங்க. இங்க வந்தா எலும்பு இன்னும் கரையும். எலும்புங்கிறது வேலை வாங்கற வரைக்கும்தான் இருக்கும். பாரமே இல்லைன்னா, நாம எதுக்குன்னு அது பாட்டுக்குக் கரைஞ்சு போயிடும்."

"இப்ப என்ன செய்யணும், அதைச் சொல்லுங்க."

"எலும்பை வளர்க்கற ஊசி இருக்கு, நான் எழுதித் தர்றேன். 'இங்கதான் யாருக்கும் உடையறதில்லையே'ன்னு நிர்வாகம் அதை வாங்கறதையே விட்டுட்டாங்க. கேழ்வரகு, எள்ளு, முருங்கைக்கீரை எல்லாம் இங்கயே தோட்டத்துல இருக்கு. பருப்பு, முட்டையைக் குறைக்காதீங்க. வைட்டமின் டி போட்டுக்கங்க. ஆனா பாரம் இல்லாம இதெல்லாம் பாதிதான் வேலை செய்யும். பாரத்துக்கு நிலாவுல நான் எங்க போவேன்?"

அன்றிலிருந்து மங்கையர்க்கரசி பாரம் தேடினாள். பத்திரபுரியில் அது லேசான காரியமில்லை. ஆளுக்கொரு 'தாங்கி' உண்டு. பின்னாலேயே வந்து, குனிவதற்குள் எடுத்துக் கொடுத்து, எட்டுவதற்குள் எட்டிக் கொடுத்து, தண்ணீர்க் குவளையை வாய் வரை கொண்டுவரும் இயந்திரம். அவள் ஒரு மூட்டையைத் தூக்கினால் தாங்கி பதறிக்கொண்டு பிடுங்கும். தூக்கவிட்டாலும் பயனில்லை, அங்கே மூட்டைக்கும் எடை கிடையாது.

கடைசியில் அவள் பாரத்தைக் கண்டுபிடித்த இடம் கட்டுமானக் கூடம். நிலாவில் ஊற்றிய கான்கிரீட், எடை போதாமல் உள்ளே குமிழிகளோடு இறுகி, பொறை ரொட்டி போலப் பொடிந்துவிடும். அதனால் அச்சுகளை ஒரு வண்டியில் ஏற்றி, அரைக் கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத் தண்டவாளத்தில் மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுவார்கள். வண்டி உட்பக்கம் சாய்ந்து ஓட, வளைவில் வெளிப்பக்கமாகத் தள்ளும் விசை அதன் தரையில் இறங்கிப் பூமியின் எடைக்குச் சமமாகிவிடும். எட்டு மணி நேரத்தில் கான்கிரீட் கல்லாகும். இதற்கு இறுக்கு வண்டி என்று பெயர்.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. பாரமில்லாவிட்டால் கான்கிரீட் பொடிந்துவிடும் என்று தெரிந்தவர்களுக்கு, அம்மாவும் அப்பாவும் பொடிந்துவிடுவார்கள் என்று தெரியவில்லையா?

இறுக்கு வண்டியின் வாசலில் ஒரு பதிவு இயந்திரம் இருந்தது. "மனிதர் ஏற அனுமதி இல்லை," என்றது.

"கான்கிரீட்டுல என்ன இருக்கு?" என்று கேட்டாள் மங்கையர்க்கரசி.

"கால்சியம் கலந்த பொருள். இறுக வேண்டியது."

"என் எலும்புல என்ன இருக்கு?"

இயந்திரம் தன் பட்டியலைப் புரட்டியது. "கால்சியம் கலந்த பொருள்."

"அது இறுகணுமா, வேண்டாமா?"

நடத்துநரிடம் வாதாடி வென்றவர்கள் பூமியிலேயே குறைவு. இயந்திரம் பதிவேட்டில் எழுதிக்கொண்டது: "ஐம்பத்தெட்டு கிலோ. இன்னும் இறுகவில்லை."

டாக்டரைத் திரையில் அழைத்துக் கேட்டு, அவர் சொன்னபடி அவள் நிதானமாகவே தொடங்கினாள். முதல் வாரம், கான்கிரீட் ஊற்றும் முன் வெறும் அச்சுகளோடு விடும் வெள்ளோட்டத்தில் ஐந்து நிமிடம் மட்டும். பிறகு பத்து, பிறகு அரை மணி நேரம். பக்கத்தில் கம்பி, பிடிக்கத் தயாராகத் தாங்கி. தன் எடை தன் குதிகாலில் இறங்கியதை இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு உணர்ந்தபோது அவளுக்கு அழுகை வந்தது. உடம்பு கனத்தது, முழங்கால் முனகியது, அது அவளுக்குப் பிடித்திருந்தது. ஓடும் வண்டியில் கம்பியைப் பிடிக்காமல் நிற்பது மறந்துபோகிற வித்தையா? ஒரு மாதத்தில் அச்சுகளுக்கு நடுவே முன்னும் பின்னும் நடந்தாள். ஒற்றைக் காலில் நின்று பழகினாள். நான்காம் மாதம் அவளோடு பதினோரு பேர் ஏறினார்கள்.

ஐந்தாம் மாதம் நிர்வாகி கோமதிநாயகத்துக்கு விஷயம் தெரிந்துவிட்டது. முப்பத்தைந்து வயது, மென்மையான குரல், யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர். அத்தகையவர்களிடம் தப்பிப்பதுதான் கஷ்டம்.

"எதுக்கும்மா இந்த வயசுல உங்களுக்கு இந்தச் சிரமம்? என்ன வேணும்னு சொல்லுங்க, உக்காந்த இடத்துக்கு வரும்."

"உக்காந்த இடத்துக்கு எழவுதான் வரும். எனக்கு நிக்கணும்."

அவர் வண்டிக்குப் பூட்டுப் போட்டார். பன்னிரண்டு பேரின் பிள்ளைகளுக்கும் தகவல் அனுப்பினார். அன்று மாலை அதியன் திரையில் வந்தான். அவனுக்கு நாற்பத்து நான்கு வயது. எப்போதும்போல் கிடைமேசையில் சாய்ந்திருந்தான். படுத்தபடியே வேலை பார்க்கவும் உண்ணவும் உறங்கவும் வசதியான ஒரு மேசை அது. பூமியில் அப்போது அது இல்லாத வீடே இல்லை.

"என்னம்மா இது, சின்னப் பிள்ளை மாதிரி! ஏதாவது ஆச்சுன்னா யார் பாக்கறது? உங்களைக் கஷ்டப்பட விடக் கூடாதுன்னுதானே அனுப்பினேன்?"

"கஷ்டப்படாம செத்துப் போகணுமாடா? நான் கஷ்டப்பட்டுத்தான் உன்னைய வளர்த்தேன். அப்ப என் எலும்பு நல்லாத்தான் இருந்துச்சு."

"சொன்னாக் கேளுங்கம்மா. உங்க நல்லதுக்குத்தான்."

அவள் திரையை அணைத்தாள். எலும்பு அளக்க ஏழு மாதம் இருந்தது. ஒரு மாதம் வண்டி நின்றால் ஏற்றியதெல்லாம் இறங்கிவிடும். இங்கேயே கிடந்து, கரைந்து, தினமும் ஒன்பது மணிக்கு விழுந்து காட்டிச் சாக வேண்டியதுதான். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய் மேசையைத் தட்டினாள்.

"நாளைக்குக் காலையில யாரும் விழக் கூடாது," என்றாள். "நில்லுங்க. அது போதும்."

மறுநாள் ஒன்பது மணி அடித்தது. நாற்பத்தொரு பேரும் நின்றார்கள். கேமராவை நேராகப் பார்த்தபடி, கையைக் கட்டிக்கொண்டு, பத்து நிமிடம் நின்றார்கள். தாங்கிகள் சுற்றிச் சுற்றி வந்தன, பிடிப்பதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பூமியில் பெரும் கலவரம். "அப்பா நிக்கறாரே! என்ன ஆச்சு அவருக்கு?" என்று ஒருத்தி கதறினாள். பெற்றவர்கள் விழுவதைப் பார்த்துப் பூப் போட்டவர்களால் அவர்கள் நிற்பதைத் தாங்க முடியவில்லை. இரண்டாம் நாளும் நின்றார்கள். புதிதாக வர முன்பணம் கட்டியிருந்தவர்கள் விசாரிக்கத் தொடங்கினார்கள். மூன்றாம் நாள் நடுப்பகலில் தலைமையகம் கோமதிநாயகத்தை அழைத்து, "அந்த வண்டியைத் திறந்து தொலையுங்கள்," என்றது. கைப்பிடிக் கம்பிகள் போட்டுத் தர வேண்டும், ஊசி மருந்து எல்லோருக்கும் வர வேண்டும், டாக்டரின் மேற்பார்வை வேண்டும் என்று மங்கையர்க்கரசி எழுதி வாங்கிக்கொண்டாள். பதிலுக்கு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் விழச் சம்மதித்தாள்.

ஏழு மாதம் கழித்து டாக்டர் ஷாஹிதா அளவுக் கருவியை எடுத்தார். மங்கையர்க்கரசி படுக்கையில் கண்ணை மூடிக் கிடந்தாள். வாழ்க்கையில் எந்த டிக்கெட் பரிசோதகர் வந்தபோதும் அவளுக்கு இப்படி நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை.

"மைனஸ் இரண்டு புள்ளி நான்கு," என்றார் டாக்டர். "தரைத்தகுதி."

மங்கையர்க்கரசி எழுந்து உட்கார்ந்து, டாக்டரைக் கட்டிக்கொண்டு, சத்தம் போட்டு அழுதாள். வெளியே காத்திருந்தவர்கள் கைதட்டினார்கள். கோமதிநாயகம்கூடத் தட்டினார், நல்ல மனிதர்தான்.

பிறகு அவர் கையிலிருந்த தாள்களைப் பிரித்தார். "ஒரே ஒரு சின்ன விஷயம் பாக்கிம்மா. இதுவரைக்கும் தேவைப்பட்டதில்லை, அதனால நானும் இப்பதான் படிச்சேன். திரும்பிப் போற முதியவரைப் பூமியில ஒருத்தர் ஏத்துக்கணும். அவர்தான் ஏற்பாளர். நீங்க தடுமாறினா தாங்கிப் பிடிக்கற பலம் அவருக்கு இருக்கணுமாம். அதனால அவருக்கும் இதே பரிசோதனை உண்டு. உங்க மகன் போன வாரம் எடுத்துக்கிட்டார். முடிவு வந்திருக்கு."

டாக்டர் தாளை வாங்கிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"மைனஸ் மூணு புள்ளி ஒண்ணு," என்றார்.

முடிவு கேட்கத் திரையில் வந்திருந்த அதியன் சாய்ந்தபடியே இருந்தான். "அது ஏதோ மெஷின் தப்பு. எனக்கு நாப்பத்தி நாலுதான் ஆகுது."

"முதுகு வலி உண்டா?" என்று கேட்டார் டாக்டர்.

நிலாவுக்கும் பூமிக்கும் இடையே குரல் போய்வர இரண்டரை விநாடி ஆகும். அதன் பிறகும் அதியன் முதலில் ஒரு தலையணையை முதுகுக்குக் கீழே செருகிக்கொண்டான். "உண்டு. அதுக்காக மூணு தடவை மேசையை மாத்திட்டேன். இப்ப இருக்கறது ரொம்ப மெத்து."

"உங்க முதுகெலும்புல ரெண்டு இடத்துல நசுங்கியிருக்கு. இருமும்போதோ திரும்பிப் படுக்கும்போதோ ஆகியிருக்கும். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

கோமதிநாயகம் வருத்தமும் நிம்மதியும் கலந்த குரலில், "அப்ப ஏற்பாளர் இல்லை. நீங்க இங்கயே இருக்க வேண்டியதுதாம்மா," என்றார்.

"அந்த விதி எழுதின தாளைக் குடுங்க," என்றாள் மங்கையர்க்கரசி.

முழுவதும் படித்தாள். தரைத்தகுதி உள்ள எவரும், தகுதியற்ற தம் குடும்பத்தாருக்கு ஏற்பாளராக இருக்கலாம் என்று ஒரு வரி இருந்தது. அப்படிப்பட்டவர் உடனே பூமிக்கு வந்துவிட வேண்டும், அவருக்கு வேறு ஏற்பாளர் தேவையில்லை என்றும் இருந்தது. வயது பற்றி ஒரு சொல்கூட இல்லை. எழுபது தாண்டிய ஒருத்தி அந்த வரியை எடுத்துக்கொள்வாள் என்று எழுதியவருக்குத் தோன்றவில்லை போலும். அவள் பேனாவை வாங்கி, ஏற்பாளர் என்ற இடத்தில் தன் பெயரையும், சார்ந்திருப்பவர் என்ற இடத்தில் மகன் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"அம்மா, இது ரொம்ப அவமானம்," என்றான் அதியன். "என்னை நீங்க பாத்துக்கறதா?"

"ஆமாடா. வெள்ளிக்கிழமை நிலாக்கப்பல் அங்க இறங்குது. துறைமுகத்துக்கு வா. உன் வீட்டுல இருந்து ஒண்ணரைக் கிலோமீட்டர்தான். நடந்து வா."

"நடந்தா?" அவன் பக்கத்தில் இருந்த வரைபடத்தைத் திறந்து தெருவை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தான். பெரிதாக்கினான், சிறிதாக்கினான். வண்டி போக எட்டு வரிசை இருந்தது. வண்டி நிறுத்த இரண்டு வரிசை இருந்தது. "அம்மா, இங்க நடக்கறதுக்கு இடமே விடலையே."

"ரோட்டுல இறங்குடா," என்றாள் மங்கையர்க்கரசி. "வண்டி நிக்கட்டும்."