வால் விட்ட கயிறு

சனிக்கிழமை பதினொரு மணிக்கு விடுதி வாசலில் கார் நின்றது. என் தங்கைக்கு முன்னால் அவள் குரல் இறங்கியது.

"ஏங்க, கடலைப் பார்த்த ரூம்னு சொன்னீங்களே. கடல் எங்க?"

"கழுத்தை நீட்டினா தெரியும்னு போட்டிருந்தான்."

"அவன் கழுத்தையா, என் கழுத்தையா?"

மாப்பிள்ளை பெட்டிகளை இறக்கினார். கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைப் பார்த்துப் பார்த்துப் பொறுமை வந்துவிட்டது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர்கள் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வெளியூர் போவது இதுதான் முதல் தடவை. தனியாகப் போனால் சண்டை வரும், நடுவில் நீ இருந்தால் நல்லது என்று தங்கை என்னையும் இழுத்து வந்திருந்தாள்.

விடுதிக்கார அம்மாள் மாடிச் சாவியைக் கொடுத்தபடியே சொன்னாள்: "கடலுக்குள்ள நிக்கிற கலங்கரை விளக்கம் பார்க்கணும்னா இன்னிக்கே போயிடுங்க. மத்தியானம் தண்ணி வத்தினா மணல் மேலேயே நடந்து போகலாம். ஆனா வழிகாட்டி இல்லாம போகாதீங்க."

வழிகாட்டி மெலிந்த மனிதர், கறுத்த கால்கள். தோளில் தடித்த கயிறு. அதில் எட்டடிக்கு ஒன்றாக முடிச்சுகள்.

"ஆளுக்கு ஒரு முடிச்சு. விடக்கூடாது. நான் 'ஒண்ணு'ன்னு சொன்னா, அடுத்தடுத்து அவங்கவங்க நம்பரைச் சொல்லணும். நான் ஒண்ணு. பெரியம்மா ரெண்டு. சின்னம்மா மூணு. சார் நாலு."

"ஸ்கூல் மாதிரி இருக்கே," என்றாள் தங்கை.

அவர் சிரிக்கவில்லை. கயிற்றின் மிச்ச நுனியை மாப்பிள்ளையின் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினார். "கடைசி ஆள் இதை அவிழ்க்கக் கூடாது சார். கயிறு வால் விட்டு மணல்ல இழுபடக் கூடாது."

"இழுபட்டா என்ன?"

"கனக்கும்."

போகும்போது நல்ல வெயில். ஈர மணலில் வானம் கிடந்தது. நண்டுகள் எங்களைக் கண்டு குழிக்குள் ஓடின. விளக்கின் படிகளில் மூச்சு வாங்க ஏறினோம். மேலே காற்றில் தங்கையின் கூந்தல் பிரிந்து பறந்தது. மாப்பிள்ளை அதைப் படம் எடுத்தார். "இப்பத்தான் நல்லா இருக்கே," என்றார். அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

திரும்பி வரும்போது பாதி வழியில் பனிமூட்டம் இறங்கியது.

இறங்கியது என்றால், கடல் பக்கமிருந்து வெள்ளைத் துணியை யாரோ இழுத்துப் போர்த்தியது போல. எனக்கு முன்னால் இருந்த வழிகாட்டியின் முதுகே மறைந்துவிட்டது. அழுகிய பாசியின் வாடை. காலடியில் மணல் உறிஞ்சும் சத்தம். எங்கோ தண்ணீர் திரும்பத் தொடங்கிய சலசலப்பு.

"ஒண்ணு," என்றார் வழிகாட்டி.

"ரெண்டு."

"மூணு."

"நாலு."

"அஞ்சு."

நான் நின்றேன். கயிறு என்னை முன்னால் இழுத்தது.

"நடங்கம்மா," என்றார் வழிகாட்டி, குரலைத் தாழ்த்தி. "யாரும் திரும்பிப் பார்க்காதீங்க. சார், கயிறு மணிக்கட்டுல இருக்கா?"

பின்னாலிருந்து மாப்பிள்ளையின் குரல் தயங்கி வந்தது. "போட்டோ எடுக்கும்போது அவிழ்த்தேன். கையில பிடிச்சிருக்கேன். நுனி கீழ கிடக்கு."

"கனக்குதா?"

"…கனக்குது."

முப்பத்தாறு வருஷம் நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் குரல்களோடு வேலை பார்த்தவள். பேசுவதற்கு முன்னால் மனிதர்கள் மூச்சு இழுப்பார்கள். அது கம்பியில் கேட்கும். அந்த 'அஞ்சு'வுக்கு முன்னால் மூச்சு இல்லை.

வழிகாட்டி மறுபடி எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.

"அஞ்சு."

இம்முறை கிட்டத்தில்.

ஒரு கை பனிக்குள்ளிருந்து என் பக்கம் நீண்டது. வழிகாட்டியின் கை. அதில் மடக்குக் கத்தி.

"பின்னாடி கொடுங்க. சார் தன் கைக்குப் பின்னாடி கிடக்கிற கயிறை வெட்டிடணும். சீக்கிரம்."

நான் தங்கையிடம் கொடுத்தேன். "என்னங்க, இந்தாங்க," என்று திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினாள். யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

கயிறு ஒருமுறை அதிர்ந்தது. பிறகு இலகுவானது.

"வெட்டிட்டேன்," என்றார் மாப்பிள்ளை.

"ஒண்ணு."

"ரெண்டு."

"மூணு."

"நாலு."

அதற்கப்புறம் எதுவும் இல்லை. தங்கை பின்னால் விசும்பினாள், அது நிம்மதி. எல்லோரும் வேகமாக நடந்தோம்.

அந்த 'நாலு'வுக்கு முன்னாலும் மூச்சு இல்லை. எனக்குக் கேட்டது. கேட்காதவள் போல நடந்தேன். தண்ணீர் கணுக்கால் வரை வந்துவிட்டிருந்தது.

கரையில் கூழாங்கற்கள் தட்டுப்பட்டபோது, தங்கைக்குப் பின்னாலிருந்து மாப்பிள்ளை பனியை விலக்கிக்கொண்டு வந்தார். அவள் கையைக் கோர்த்துக்கொண்டார். அவள் அவர் தோளில் சாய்ந்து, "உங்களைக் கூட்டிட்டு வந்தேனே, என்னைச் சொல்லணும்," என்று அழுதாள். அவர் புன்னகைத்தார்.

வழிகாட்டி கயிற்றைச் சுருட்டிக்கொண்டே வந்தவர் நின்றார். வெட்டுப்பட்ட நுனியை என்னிடம் காட்டினார்.

முதல் முடிச்சு அவருடையது. இரண்டாவது என்னுடையது. மூன்றாவது தங்கையுடையது.

அதோடு கயிறு முடிந்திருந்தது.

"நாலாவது எங்க?" என்று கேட்டேன். வாய்க்குள்ளேயேதான் கேட்டேன்.

பதில் கடலிலிருந்து வந்தது. வெகு தூரத்திலிருந்து, இருமலோடு, மூச்சு வாங்கியபடி.

"நாலு."

தங்கை தலையைத் தூக்கினாள். அவளுக்கும் கேட்டிருந்தது. தன் பக்கத்தில் நின்றவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"அக்கா," என்றாள் மெதுவாக. "என் கையை விட மாட்டேங்கறாரு."

"பேசாதே," என்றேன். "நம்பரை மட்டும் சொல்லு. சத்தம் கேட்டுத்தான் கடல்ல இருக்கிறவரால கரைக்கு வர முடியும்."

வழிகாட்டி இரண்டு கைகளையும் வாயில் குவித்துக் கத்தினார். "ஒண்ணு!"

"ரெண்டு!"

தங்கையின் உதடு ஆடியது. அவள் விரல்களைச் சுற்றியிருந்த விரல்கள் வெளுக்கும் அளவுக்கு இறுகுவதை நான் பார்த்தேன். நாள் முழுக்க வாயாடிக்கொண்டே இருந்தவளுக்கு அந்த ஒரு சொல் வரவில்லை.

"சொல்லுடி."

"மூணு," என்றாள். பிறகு தொண்டை கிழிய, "மூணு!"

"நாலு." கொஞ்சம் பக்கத்தில்.

அவள் அருகே நின்றவர் குனிந்து, அவள் காதோரம், அன்பாகச் சொன்னார்:

"அஞ்சு."

அவள் கையை உதறி விழுந்தாள். நான் அவளைத் தூக்குவதற்குள் அந்த இடத்தில் பனி மட்டும் இருந்தது.

நாங்கள் நிறுத்தவில்லை. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எத்தனை தடவை கத்தினோமோ தெரியாது. கடைசியில் மார்பளவு தண்ணீரில் ஒரு தலை தெரிந்தது. வழிகாட்டி கயிற்றை வீசினார். கண்ணாடி இல்லாமல், செருப்பு இல்லாமல், உப்புத் தண்ணீரைக் கக்கிக்கொண்டு மாப்பிள்ளை கரையில் விழுந்தார். நான் அவர் முகத்தருகே காதை வைத்தேன். மூச்சு இருந்தது. நிறைய இருந்தது.

"கத்தி என் கைக்கு வரவே இல்ல அண்ணி," என்றார். "கயிறு விடாம இழுத்துக்கிட்டுதான் இருந்துச்சு. நீங்கதான் முன்னாடி போறீங்கன்னு நம்பி நடந்தேன். கழுத்து வரைக்கும் தண்ணி வந்தப்புறம்தான் தெரிஞ்சுது, அது வேற பக்கமா இழுக்குதுன்னு."

வழிகாட்டி கயிற்றை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டார். எங்களிடம் விடைகூடச் சொல்லவில்லை.

விடுதிக்கு அவரை இரண்டு பக்கமும் தாங்கி நடத்தி வந்தோம். தங்கை வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தாள். "ஒரு கயிறை ஒழுங்காக் கட்டிக்கத் துப்பில்ல, இதுல போட்டோ வேற." திட்டத் திட்ட அவர் முகத்தில் நிறம் திரும்பியது. எனக்கும் உயிர் வந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு இப்போதே கிளம்பிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

விடுதிக்கார அம்மாள் முன்னறையில் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்:

"மாத்துச் சாவி எடுத்துக் கொடுத்துட்டேன்மா. சார் வந்து பத்து நிமிஷம் ஆச்சு. மேலதான் இருக்காரு."

பிறகுதான் நிமிர்ந்தாள். எங்கள் நடுவில் சொட்டச் சொட்ட நின்றவரைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த துண்டு நழுவியது.

மாடியில் நாற்காலி ஒன்று நகர்ந்தது. கதவு திறந்தது. கடையை மூடிவிட்டு வந்து வாசலிலிருந்தே தங்கையைக் கூப்பிடும் அதே பொறுமையான குரல், படிகளின் மேலிருந்து இறங்கி வந்தது.

"வந்தாச்சாம்மா?"

நான் தங்கையின் வாயைப் பொத்தக் கையைத் தூக்கினேன்.

இருபத்திரண்டு வருஷப் பழக்கம் என் கையைவிட வேகமாக இருந்தது.

"இதோ வந்துட்டேங்க," என்றாள் என் தங்கை.