நான்காவது இணைப்பு

மார்ச் 14. என் சின்னத் தவறு: வீட்டு வைஃபையின் பழைய பாதுகாப்பு முறையை இத்தனை நாள் மாற்றாமல் விட்டுவிட்டேன்.

டைரியில் அதை எழுதிவிட்டு, சரியாகத்தான் எழுதினோமா என்று அவள் மறுபடியும் படித்தாள். மாலை நெட்வொர்க் வகுப்பில் கற்றபடி ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தபோது, மூன்று இருக்கவேண்டிய பட்டியலில் நான்கு இணைப்புகள் இருந்தன. அவளுடைய மடிக்கணினி, போன், உள்ளறையில் அக்காவின் பாப்பா தூங்கும் தொட்டிலுக்கு மேலிருக்கும் கேமரா. நான்காவதற்குப் பெயரே இல்லை.

வேலைக்குப் போயிருந்த அக்காவிடம் போனில் சொன்னாள். மாடிவீட்டுக்காரர் ஓசியில் படம் பார்க்கிறார் போலிருக்கிறது என்று அக்கா சிரித்தாள். “இன்ஜினியரம்மா, படிச்ச வித்தையைக் காட்டு, பாக்கலாம்.”

பாஸ்வேர்டை மூன்று தடவை சரிபார்த்த பிறகே புதிய முறைக்கு மாற்றினாள். எல்லா இணைப்பும் அறுந்தது. மின்விசிறியின் கிறீச்சொலியும், சுவருக்குள் தண்ணீர்க் குழாய் விக்குவதும், சூடேறிய ரவுட்டரின் பிளாஸ்டிக் வாடையும் மட்டும் கூடத்தில் நிறைந்திருக்க, மடிக்கணினியும் போனும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. நான்காவது வரவில்லை. அவளுக்கு மூச்சு வந்தது.

கேமராவும் வரவில்லை. அரதப்பழசு, புதிய முறை அதற்குத் தெரியாது.

வேலையிடத்தில் போனில் கேமராவின் படம் வரவில்லை என்று அக்கா அழைத்தாள். பாப்பா விரல் சூப்பிக்கொண்டு தூங்குவதை எட்டிப் பார்த்துவிட்டுவந்து சொல்லியும் கேட்கவில்லை. “கண்ணுல பாக்காம எனக்கு வேலை ஓடாது. பழையபடியே வச்சிடு, தாயே.”

வைத்தாள். கேமரா வந்தது. கூடவே நான்காவதும். அதன் சிக்னல் அளவும் கேமராவின் அளவும் ஒன்றாக இருந்தன.

அதே அறை.

போனில் அக்காவின் குரல் இளகியது. “அப்பாடா, தெரியுது. தூக்கிட்டியா? அப்படியே முதுகைத் தட்டிக்கொடு.”

அவள் கூடத்தில் இருந்தாள்.

ஓடினாள். தொட்டில் காலி. மெத்தையில் சின்னக் குழிவு. சூடு. ஜன்னல் உள்ளே தாழிட்டிருந்தது.

போனில் கேமராவின் படத்தைத் திறந்தாள். அதே தொட்டில். பக்கத்தில் நிற்கும் அவள் படத்தில் இல்லை. அவளுடைய நைட்டியைப் போட்ட ஒருத்தி முதுகு காட்டி நின்றாள். அந்த ஒருத்தியின் தோளில் பாப்பா. கண் விழித்து, கேமராவையே பார்த்தபடி.

கூடத்துக்குப் பாய்ந்து ரவுட்டரின் ஒயரை இழுத்தாள். அது பாதி கழன்றது. படம் நடுங்கியது. பாப்பா காலிலிருந்து மேலாக மங்கினாள். வாய் அழுகையில் திறந்தது.

ஒயரை அழுத்திச் செருகினாள். கால்கள் திரும்பி வந்தன.

“என்னடி சத்தம்?”

“ஒண்ணுமில்லக்கா. தூங்கிட்டா.”

படத்தில் அந்தக் கை தட்டிக்கொண்டே இருந்தது. அவள் டைரியை இழுத்து வைத்துக்கொண்டாள்.

நாளைய வேலை: ரவுட்டரை யாரும் அணைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.